சாவியை யார் வாங்கி வைப்பது?

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்க ஊர்ல எட்டு மாசத்துல ரெண்டு பசங்க குடிச்சிட்டு வண்டி ஓட்டி செத்துட்டாங்க. ஒருத்தனுக்கு 22 வயசு, இன்னொருத்தனுக்கு 26. ரெண்டாவது பையனுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை காரியம். அந்தக் காரியத்துக்கு வர்றவங்களே குடிச்சிட்டுத்தான் வண்டிய எடுப்பாங்க. போலீசை விட்டா ஊர்க்காரங்க செய்யறதுக்கு எதுனா இருக்கா?"

இருக்கிறது தம்பி. போலீஸ் செய்வதைவிட ஊர் செய்யக்கூடியதுதான் அதிகம் என்று நான் நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் தர்மபுரி மாவட்டத்தில் 29 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசி, கர்ப்பிணிகள், குழந்தைகள் இதுதான் என் வேலை. ஆனால் பென்னாகரம் தடத்தில் ரோட்டை ஒட்டிய துணை சுகாதார நிலையத்திலேயே குடியிருந்ததால், ராத்திரியில் விழுந்தவர்களை முதலில் என் வாசலுக்குத்தான் தூக்கி வருவார்கள். பஞ்சை எடுத்து ரத்தத்தைத் துடைக்கும்போதே பிராந்தி நெடி வரும்.

எங்கள் ஊரில் இந்த வேலை ஒரு சாவு வீட்டில்தான் தொடங்கியது. 24 வயசுப் பையன், ராத்திரி பத்தே முக்காலுக்குப் புளியமரத்தில் மோதிவிட்டான். மறுநாள் பந்தலில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாரில் பக்கத்து மேஜையில் இருந்திருக்கிறார். ஆம்லெட் கடைக்காரர், அவன் கையிலிருந்து நழுவிய ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவன் சித்தப்பா முறை ஒருவர், "பார்த்துப் போடா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் சொன்னான்: "நூறு ரூபாய்க்குப் போட்டாங்க. டேங்க் மூடியப் பூட்ட வரல, கை தடுமாறுச்சு. நான்தான் பூட்டிச் சாவிய கையில குடுத்தேன்." அதைச் சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பையன் கடைசியாக வண்டியை எடுப்பதற்கு முன் அவனை நெருக்கத்தில் பார்த்தவர்கள் ஏழு பேர்.

அந்த ஏழு பேரில் ஒருவர்கூட ஈவிரக்கம் இல்லாதவர் இல்லை. எல்லோரும் அவனுக்கு வேண்டியவர்கள். ஆனாலும் யாரும் சாவியைப் பிடுங்கவில்லை. நம் ஊரில் குடித்தவன் கையிலிருந்து சாவியை வாங்குவது அவனை அவமானப்படுத்துவதாக ஆகிவிடும். "நான் என்ன ஸ்டெடியா இல்லையா?" என்று சண்டை வரும். நாளைக்கு முகம் பார்க்க வேண்டுமே என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஊர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: சாவியை வாங்குவதை ஊர் வழக்கமாக ஆக்க வேண்டும். வழக்கம் என்று ஆகிவிட்டால் பயந்த ஆளும் செய்வார். "ஊர்ல முடிவு பண்ணியிருக்காங்கப்பா, நான் குடுக்க முடியாது" என்று அந்தப் பெட்ரோல் பங்க் பையன் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். பழி ஊர் மேல் போகும், அவன் மேல் வராது.

இதில் பல ஊர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. முதலிலேயே "குடியை ஒழிப்போம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். குடியை ஒழிப்பது நல்ல காரியம்தான், அதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பல வருஷம் ஆகும். அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். குடிக்கிறவனையே விரோதியாக்கிவிட்டால் அவன் நம் கூட்டத்துக்கும் வரமாட்டான். நாங்கள் ஊர்க்கூட்டத்தில் சொன்னது இவ்வளவுதான்: "நீ குடிக்கிறதப் பத்தி இன்னைக்குப் பேசல. குடிச்சா வண்டியத் தொடாத. அது ஒண்ணுதான் கேக்கறோம்." இதற்குக் குடிக்கிறவர்களே முதலில் தலையாட்டினார்கள். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே.

நடைமுறையைச் சொல்கிறேன். கிடா விருந்து, காதுகுத்து, காரியம், எருது விடும் விழா, மாரியம்மன் பண்டிகை, இந்த மாதிரிக் கூட்டம் கூடும் நாட்களில்தான் எங்களுக்கு அடி அதிகம். ஆகவே விசேஷம் வைக்கிற வீட்டுக்காரரே சாவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முடிவானது. பந்தல் வாசலில் ஒரு எவர்சில்வர் தூக்கு, பக்கத்தில் பெரியவர் ஒருவர். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் டோக்கன் கொடுப்பது மாதிரி அட்டைத் துண்டில் நம்பர் எழுதி, பாதியைச் சாவியில் கட்டி, பாதியை ஆள் கையில் கொடுப்பது. இதில் ஒரு விஷயம் மிக முக்கியம். குடிக்கிறவர், குடிக்காதவர் என்று பார்க்காமல், வருகிற எல்லோரிடமும் உள்ளே நுழையும்போதே வாங்கிவிட வேண்டும். ஐயப்பனுக்கு மாலை போட்டவரிடமும் வாங்கினோம். எல்லோரும் கொடுக்கும்போது யாருக்கும் அவமானம் இல்லை. குடித்த பிறகு கேட்டால் சண்டைதான்.

முதல் விசேஷத்தில் தோற்றுப் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாவியை வாங்கி வைத்துவிட்டோம், ஆனால் ஆள் எப்படி வீடு போவார் என்று யோசிக்கவில்லை. ராத்திரி பத்தரைக்கு எட்டு கிலோமீட்டர் போக வேண்டியவர் என்ன செய்வார்? ஒருவர் ஆள் அனுப்பி வீட்டிலிருந்து மாற்றுச்சாவி வரவழைத்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் அதிலிருந்துதான் இந்த விவகாரத்தின் வேர் எனக்குப் புரிந்தது. டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. எங்கள் தடத்தில் கடைசி டவுன் பஸ் எட்டரைக்கே போய்விடும். அப்படியானால் பத்து மணிக்கு வெளியே வருகிறவருக்கு அவர் வண்டியை விட்டால் வேறு வழியே கிடையாது. பஸ் நேரம் ஒரு பக்கம், கடை நேரம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகள் சாகிறார்கள்.

அடுத்த விசேஷத்துக்கு இரண்டு ஆட்டோவும் ஒரு குட்டியானையும் பேசி வைத்தோம். வாடகையை மொய் எழுதும் இடத்திலேயே தனியாக ஒரு தட்டு வைத்து வசூலித்தோம். பந்தல் செலவோடு பார்த்தால் அது பெரிய காசே இல்லை. அன்றைக்கும் ஒருவர் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"என் வண்டி, என் சாவி. நீ யாருக்கா கேக்கறதுக்கு?"

எங்கள் மகளிர் குழுத் தலைவி குரலை உயர்த்தவே இல்லை. "உன் வண்டிதான் சாமி, யாரு இல்லன்னாங்க. காலையில எட்டு மணிக்கு மேல வந்து வாங்கிக்க. வீட்டுக்குப் போன் பண்ணிட்டேன், தங்கச்சி சோறு போட்டு வெச்சிருக்குதாம். ஆட்டோ நிக்குது பாரு."

அவர் ஏறிப் போய்விட்டார். காலையில் வந்து சாவியை வாங்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு தூக்கு பக்கத்தில் உட்காரும் பெரியவர் அவர்தான்.

"எட்டு மணிக்கு மேல" என்று அந்தம்மா சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதி எல்லோருக்கும் விளக்கினேன், உங்கள் ஊரிலும் யாராவது விளக்க வேண்டும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியோ விஸ்கியோ, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆண் அதைக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் வரை ஏறும். சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும், அதன் வேகம் அவ்வளவுதான். 150-லிருந்து 30-க்கு இறங்க எட்டு மணி நேரம். பத்து மணிக்குக் குடித்து முடித்தவர் காலை ஆறு மணிக்குத்தான் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறார். ஆஃப் அடித்தவருக்கு மறுநாள் மதியமும் போதாது, சாயங்காலம் ஆகிவிடும். பீர்தானே என்பவர்களுக்கும் சொல்லுங்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில், 100 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுபோய்விடும்.

மோர், எலுமிச்சைச் சாறு, கட்டங்காப்பி, தலைக்குத் தண்ணீர், வாந்தி எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. தூக்கம் வராமல் செய்யலாம், தெளிந்த மாதிரி தோன்றலாம். ரத்தத்தில் உள்ளது அப்படியேதான் இருக்கும். ஓசூர் கம்பெனிக்கு முதல் ஷிஃப்டுக்காக விடியற்காலை நாலரைக்கு வேன் எடுக்கிற டிரைவர், ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போகிற பிக்கப் டிரைவர், பால் வண்டிக்காரர் இவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை. "நைட்டு அடிச்சது நைட்டோட போச்சு" என்று மனசார நம்பிக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடும். பிரேக்கை மிதிக்க அரை நொடி தாமதமானால் எட்டு மீட்டர். பால் வாங்கப் போகிற பாட்டி ரோட்டைக் கடக்க அந்த எட்டு மீட்டர் வேண்டும்.

மாத்திரை, கஞ்சா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் இன்றைக்கு அதையும் சேர்க்காமல் இந்தப் பேச்சு முடியாது. போலீஸ் வாயில் வைத்து ஊதச் சொல்லும் மிஷின் சாராயத்தை மட்டும்தான் காட்டும். கஞ்சா இழுத்தவன், வலி மாத்திரையைப் போதைக்காகப் போட்டவன் ஊதினால் பூஜ்யம்தான் வரும். இது பசங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் சட்டம் அவர்களை விட்டுவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதைப்பொருளின் பிடியில் இருப்பதையும் அதே குற்றமாகத்தான் சொல்கிறது. கஞ்சாவில் நேரம் மெதுவாக நகர்கிற மாதிரித் தோன்றும், எதிரே வரும் லாரியின் தூரம் தப்பாகத் தெரியும். அதோடு சாராயமும் சேர்ந்தால் ஒன்றுக்கு ஒன்று கைகொடுத்துப் படுகுழியில் தள்ளும்.

இதில் ஊர்க்காரர்கள் கையால் செய்யக்கூடியது மூன்று. மருந்துக் கடைக்காரரிடம் நேரில் போய், சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரையோ, போதை தரும் வலி மாத்திரையோ கொடுக்க வேண்டாம் என்று மரியாதையாகப் பேச வேண்டும். நாலு பெண்கள் சேர்ந்து போனால் அந்தப் பேச்சுக்குத் தனி எடை. இரண்டாவது, விற்கிறவன் யார் என்று தெரிந்தால் நீங்களே போய்த் தட்டிக் கேட்கக் கூடாது. அது ஆபத்து. 10581 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லுங்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மூன்றாவது, வீட்டில் இருக்கும் சாதாரண மாத்திரைகளைப் பற்றிய அறிவு. அரிப்புக்கும் சளிக்கும் போடும் அவில் மாத்திரை நம் வீடுகளில் மஞ்சள் தூள் மாதிரிக் கிடக்கும். அதைப் போட்டால் நல்ல தூக்கம் வரும். செட்ரிசினும் சிலருக்கு அப்படித்தான், சில இருமல் மருந்துகளும் அப்படித்தான். அதைப் போட்டுவிட்டு டிராக்டர் ஓட்டியவர் வாய்க்காலில் இறங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடிக்காதவர். வலிப்புக்கும் மனநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம். வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

சட்டத்தைக் கூட்டத்தில் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று கேட்டால், நாலு வரி போதும் என்பேன். முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டு வருஷம் வரை, 15,000 ரூபாய். லைசென்சும் போகும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது 188-வது பிரிவு. குடித்தவரை வண்டி ஓட்டத் தூண்டியவருக்கும் உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை உண்டு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் இதை வைத்துத்தான் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் மேலும் வழக்கு என்று அறிவித்தார்கள். கூட்டத்தில் இதைச் சொன்னபோது "சரி மச்சான், நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்கிற பசங்க முகம் மாறியதைப் பார்த்தேன். பதினெட்டு நிரம்பாத பையனிடம் வண்டியைக் கொடுத்து விபத்து நடந்தால் அப்பாவுக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்பது 199ஏ பிரிவு.

பெண்களிடம் பேசும்போது இன்சூரன்சைப் பற்றிச் சொல்லுங்கள். குடித்து ஓட்டி விழுந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்குக் காசு வராது. தனிநபர் விபத்துப் பாலிசியிலும் போதையை விலக்கி வைத்திருப்பார்கள். எதிரே வந்தவருக்குக் கம்பெனி கொடுத்த இழப்பீட்டை வண்டி உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்கச் சொல்லித் தீர்ப்பு வருவதும் உண்டு. நிலத்தை விற்றுக் கட்டிய குடும்பம் எனக்குத் தெரியும். இதனால்தான் ஆஸ்பத்திரியில் "நெடி இருந்துச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்று வீட்டார் டாக்டர் காலில் விழுவார்கள். அரசாங்கக் கணக்கில் போதையால் நடந்த விபத்து நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் என்று வருகிறதே, அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். செத்தவரை யாரும் ஊதச் சொல்வதில்லை. 2022-ல் இந்தியாவிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்து, 17,884 சாவு. அதில் எத்தனை பேர் ரத்தத்தில் என்ன இருந்தது என்று பரிசோதித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கடையை மூடச் சொல்லிப் போராடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். போராடலாம். அதற்கு நம் மண்ணுக்குத் தனி உரிமையே உண்டு. இந்தியாவில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, பழைய சேலம் மாவட்டத்தில். இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அந்தச் சேலத்துக்குள்தான் இருந்தன. கொண்டுவந்த ராஜாஜி ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர். அந்த 1937-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பெயரில்தான் இன்றைக்கும் சந்துக்கடைக்காரர்கள் மேல், அதாவது திருட்டுத்தனமாகப் பாட்டில் விற்கிறவர்கள் மேல், வழக்குப் போடுகிறார்கள். நெடுஞ்சாலைக் கடைகளுக்கு எதிரான பெரிய தீர்ப்பும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். வழக்கறிஞர் கே. பாலு நடத்திய அந்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 20,000-க்கும் குறைவான மக்கள் தொகை உள்ள ஊர்களுக்கு அது பின்னால் 220 மீட்டராகக் குறைந்தது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

நல்லதுதான். லாரிக்காரர் கண்ணில் படும் இடத்திலிருந்து கடை போனது. ஆனால் மூடிய கடைகள் பல, ஊருக்குள்ளும் வயல்வெளிக்கும் இடம் தேடி வந்தன. தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தது அந்தச் சமயம்தான். எங்கள் பக்கம் என்ன நடந்தது என்றால், நடந்து போய்க் குடித்தவர்கள் வண்டியில் ஏழு கிலோமீட்டர் போய்க் குடித்துவிட்டு அதே வண்டியில் திரும்ப ஆரம்பித்தார்கள். அந்த இடைவெளியில் சந்துக்கடை முளைத்தது. பாட்டிலுக்கு மேல் காசு வைத்து விடியற்காலையிலேயே விற்பார்கள். பகலில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கு முக்கால்வாசிக் காரணம் சந்துக்கடைதான் என்பது என் அனுபவம். ஆகவே கடையை எதிர்ப்பவர்கள் முதலில் சந்துக்கடையிலிருந்து தொடங்குங்கள். அதற்கு அரசாங்கக் கொள்கை எதுவும் மாற வேண்டியதில்லை, புகார் கொடுத்துப் பின்தொடர்ந்தால் போதும்.

டாஸ்மாக் கடையைப் பொறுத்தவரை விதி என்னவென்றால், கோயிலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 21 வயசு ஆகாதவருக்கு விற்கக் கூடாது. டேப் வைத்து அளந்து, படம் எடுத்து, கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராமசபை. தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று பார்த்து நகல் வாங்குங்கள். வாயால் பேசிவிட்டு வந்தால் அது காற்றோடு போகும். அந்த நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு. மனுவில் கடைசி பஸ் நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்வேன். எங்கள் மனுவில் அதை எழுதினோம், இன்னும் பஸ் வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதையெல்லாம் தூக்கிச் சுமந்தது மகளிர் குழுதான். சுயஉதவிக்குழு என்ற ஏற்பாடே தமிழ்நாட்டில் முதலில் வந்தது நம் தர்மபுரியில், 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி 2004-ல்தான் பிரிந்தது, அன்றைக்கு எல்லாம் ஒரே மாவட்டம். வாரம் ஒருநாள் பத்து ரூபாய் சேமிக்கக் கூடிய அந்தப் பெண்களுக்கு ஊரில் எந்த வீட்டில் யார் எப்போது குடிக்கிறார் என்று தெரியும். யார் சொன்னால் அவர் கேட்பார் என்பதும் தெரியும். அந்த இரண்டாவது அறிவுதான் நமக்கு வேண்டியது. சிலருக்குப் பொண்டாட்டி சொன்னால் ஏறாது, அக்கா பையன் சொன்னால் கேட்பார்.

ரோடு பற்றிச் சுருக்கமாக. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற லாரிக்காரர் குடித்தும் இருந்தால் அவருக்கு முன்னால் போகிற அத்தனை வண்டிக்கும் ஆபத்து. ஒகேனக்கல் மலைப்பாதையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் ஆடிப்பெருக்கன்றும் அதே கதை. பரிசல் ஏறி, மீன் சாப்பிட்டு, குடித்து, வெயிலில் களைத்துப் போய் வண்டி எடுப்பார்கள். மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரி வாசலில் லோடு இறக்கக் காத்துக் கிடக்கும் டிராக்டர்காரர்களை யாரும் நினைப்பதே இல்லை. பொழுது போகாமல்தான் குடிக்கிறார்கள். அங்கே நிழலும் தண்ணீரும் படுக்க இடமும் கேட்டுக் கொடுப்பது ஊர்க்காரர்களால் முடியும். தாபாக்காரர், பங்க்காரர், டீக்கடைக்காரர் இவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: தள்ளாடுகிற டிரைவரைப் பார்த்தால் ஒரு கட்டில் கொடுத்து, தூங்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கேட்காமல் கிளம்பினால் வண்டி நம்பரோடு 112-க்கு ஒரு போன். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033.

பேரணி, உறுதிமொழி, பேனர் எல்லாம் நடக்கட்டும். பெரிதாக எதுவும் மாறியதை நான் பார்த்ததில்லை.

செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. ஊர் அபராதம் போடுவது, கட்டி வைப்பது, அடிப்பது, ஊரை விட்டு ஒதுக்குவது, தள்ளாடுவதை வீடியோ எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது. இதெல்லாம் சட்டப்படி குற்றம். அதோடு, ஒரே வீடியோவில் ஆறு மாத வேலை நாசமாகிவிடும். பக்கத்து ஊரில் அப்படி ஒரு வீடியோ சுற்றியது. அந்தப் பையனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள், சம்பந்தம் முறிந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் சாவியைக் கொடுப்பதில்லை. நியாயம்தானே.

தினமும் குடிக்கிறவர், காலையில் கை நடுங்குகிறவர், இவரிடம் சாவியை மட்டும் வாங்கி எத்தனை நாளைக்கு? அவருக்கு வைத்தியம் வேண்டும். ஆனால் அவரைத் திடீரென்று அறையில் பூட்டிக் குடியை நிறுத்திவிடாதீர்கள். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பில் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். செய்வினை என்று நினைத்து மந்திரிக்க அழைத்துப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வர மறுத்தால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குப் போன் செய்து எப்படிப் பேசுவது என்று வீட்டில் இருப்பவர்களே கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தும் யாராவது விழுந்தால், 108-ஐ அழையுங்கள். தூக்கிக்கொண்டு போனவரை ஆஸ்பத்திரியும் போலீசும் பெயர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரிலிருந்து "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருக்கிறது, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை. பையனின் தாய்மாமனிடம் இன்றைக்கே பேசுங்கள். காரியத்தில் அவர் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். பந்தலுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மேஜை, ஒரு தூக்கு. பையனின் அண்ணனையோ அப்பாவையோ முதல் சாவியைப் போடச் சொல்லுங்கள். அவர்கள் போட்ட பிறகு வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய யாருக்கும் மனசு வராது. மாரண்டஅள்ளி பக்கம் போகிறவர்கள், வெள்ளிச்சந்தை பக்கம் போகிறவர்கள், பாப்பாரப்பட்டி பக்கம் போகிறவர்கள் என்று பிரித்து மூன்று வண்டி பேசிவிடுங்கள், ஓட்டுகிறவர்கள் குடிக்காதவர்களாகப் பார்த்து. ராத்திரி சாவியை வீட்டுக்குள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள், காலையில் எட்டு மணிக்கு முன்னால் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அட்டையில் நம்பர் எழுதும்போது வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் தம்பி, ஒரே மாதிரி ஸ்ப்ளெண்டர் சாவி இருபது வரும்.